ஏழை சொல் ஏறும் அம்பலம்

“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அது பிறந்த காலத்தில் அம்பலம் ஊர்ப் பெரியவர்களின் கையில் இருந்தது. இன்றோ சட்டத்தினால் அமைக்கப்பட்ட அம்பலங்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றிலே கட்டணமும் இல்லை. சட்டத்தரணியை அழைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனினும், நுவரெலியா, ஹட்டன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலே தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவர் பலர், அவ்வம்பலங்களின் வாயில் எங்கே உள்ளது என்பதை அறியாமையினாலேயே வாய்மூடி இருந்துவிடுகின்றனர். வேலைத்தலத்தில் தொல்லைக்கு ஆளாகி, அதனை எடுத்துரைத்த காரணத்தால் பழிவாங்கவும் பட்ட ஒரு தொழிலாளி, பெரும் பொருட்செலவின்றிச் சட்டத்தின் துணையை எவ்வாறு பெறலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில், தொல்லை என்பதும் பழிவாங்கல் என்பதும் தோட்டத்தில் எவ்வுருவில் வருகின்றன என்று பார்ப்போம். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்வை செய்யும் கங்காணியும், கணக்கப்பிள்ளையும், வெளிக்கள உத்தியோகத்தரும் பெரும்பாலும் ஆண்கள். காலையிற் பெரட்டுக் களத்திலே எந்த மலைக்கு யார் போவது என்று குறிப்பவரும், மாலையிற் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுபவரும் அவர்களே. அவர்கள் யாவரும் தீயவர் என்று கூறுவது அறமன்று. கண்ணியமாக நடப்பவர் பலர் உள்ளனர். ஆயினும், இத்தகைய அதிகாரம் கையிலிருக்கும் ஒருவர் தகாத சொல்லைச் சொல்லவோ, தகாத முறையில் அணுகவோ முற்படுவாராயின், அதனை மறுக்கும் பெண்ணின் நிலை என்னவாகும்?

அவள் முறையிட்ட மறுநாளே வேலையிலிருந்து நீக்கப்படுவாள் என்பதில்லை. பழிவாங்கல் பெரும்பாலும் ஓசையின்றியே நடைபெறும். கொழுந்து குறைந்த, சரிவான மலைக்கு அவள் நாள்தோறும் அனுப்பப்படுவாள். நிறுவையிலே தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கிலோக்கள் கூடுதலாகக் கழிக்கப்படும். முழுப்பேர் போடவேண்டிய நாளுக்கு அரைப்பேர் விழும். பிந்தி வந்தாள் என்று பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுவாள். ஒழுகும் லயக் கூரைக்குத் தகரம் கேட்டால் மறுமொழி கிடைக்காது. பின்னர் ஒருநாள், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒரு குற்றப்பத்திரம் வரும். அதுவும் அவள் அறியாத மொழியிலே வரலாம்.

நகரத்திலே ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர் மேலாளரோடு முரண்பட்டால், மாலையில் அவர் திரும்பிச் செல்லும் வீடு வேறொருவருடையது. தோட்டத்திலோ வேலை தருபவரும், இருக்க வீடு தருபவரும், பிள்ளைக் காப்பகம் நடத்துபவரும் பல வேளைகளில் ஒரே நிருவாகமே. ஆதலின், வேலையைப் பற்றிய அச்சம் வீட்டைப் பற்றிய அச்சமாகவும், கணவனின் வேலையைப் பற்றிய அச்சமாகவும் பெருகிவிடுகின்றது. தோட்டப் பெண்ணின் மௌனத்துக்குக் கோழைத்தனம் காரணமன்று, இக்கணக்கே காரணம். எனவே, அவளுக்கு வேண்டிய சட்ட உதவி செலவு குறைந்ததாக இருந்தால் மட்டும் போதாது; இம்மூன்று அச்சங்களுக்கும் விடை சொல்வதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய கட்டளைச் சட்டத்தின் கீழ், தொழிலாளியின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாகவே கருதப்பட்டது. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டால் துரை எவரையும் நிறுத்தலாம், காரணம் கூறவேண்டியதில்லை. நிறுத்தியது நியாயமா என்று கேட்பதற்கு ஒரு மன்றமும் இருக்கவில்லை. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு முன்னரே, 1931ஆம் ஆண்டில், கோ. நடேசையர் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடக்கி, தொழிலாளரின் முறைப்பாடுகளை எழுத்திலே வடித்து அரசுக்கும் துரைமாருக்கும் அனுப்பும் பணியைச் செய்தார். மலைநாட்டிலே சட்ட உதவியின் முதல் வடிவம், எழுதத் தெரியாத ஒருவருக்காக எழுதத் தெரிந்த ஒருவர் மனு வரைந்து கொடுத்ததே எனலாம்.

வீட்டைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு பெரும் வழக்கு விடை தந்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காகக் கையேற்றபோது, அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். 1946ஆம் ஆண்டில் அது பெரும் போராட்டமாயிற்று. அவர்கள்மீது குற்றமுறையான அத்துமீறல் என்ற வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை நீதிமன்றங்களில் தோற்ற அவ்வழக்கு, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. 1950ஆம் ஆண்டில் கோமறைக் கழகம் தொழிலாளரின் பக்கமே தீர்ப்பளித்தது. தனக்கு உரிமை உண்டு என்று மெய்யாக நம்பித் தன் வசிப்பிடத்திலே தொடர்ந்து இருப்பவன், அதனால் உரிமையாளருக்கு எரிச்சல் உண்டாகும் என்று அறிந்திருந்தாலும், எரிச்சலூட்டும் நோக்கத்தோடு இருந்தான் என்று கொள்ள முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். லய அறையில் வாழ்ந்தவரின் சொல் இலண்டன் வரை ஏறியது. தனித்தனியாக நின்றிருந்தால் அவர்களால் கேகாலையைக்கூடத் தாண்டியிருக்க முடியாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வேலையைப் பற்றிய அச்சத்துக்கு விடை தந்தது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். அச்சட்டம் 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு, தொழில் நியாய சபைகள் தோன்றின. இச்சபைகளின் தலைவர்கள் செய்வது நீதிபதியின் பணியே. ஆதலால் நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்காத தலைவர்களுக்கு அதிகாரமில்லை என்ற வாதம் பின்னர் எழுந்தது. இலங்கையின் உயர் நீதிமன்றம் 1966ஆம் ஆண்டில் அவ்வாதத்தை ஏற்றது. சபைகள் ஆட்டங்கண்டன. ஆனால் 1967ஆம் ஆண்டில் கோமறைக் கழகம், ஐவருள் மூவர் என்ற பெரும்பான்மையால், சபைகளின் பக்கம் தீர்ப்பளித்து அவற்றைக் காத்தது. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வாயில், ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் அன்றே அடைபட்டிருக்கும்.

இச்சபையின் இயல்பை நேயர்கள் நன்கு அறிந்து கொள்ளல் நன்று. வேலைநிறுத்தம் செய்யப்பட்ட தொழிலாளி தானே மனுச் செய்யலாம். அல்லது அவர் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் அவர் சார்பில் மனுச் செய்யலாம். முத்திரைக் கட்டணம் இல்லை. சட்டத்தரணி வந்தாலும் வரலாம். சங்கத்தின் பிரதிநிதியே வழக்காடினும் சபை ஏற்கும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் நுணுக்க விதிகள் இச்சபையைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருந்தாலும், நீதியும் ஒப்புரவுமானது எதுவோ அவ்வாறு கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. மீண்டும் வேலையில் அமர்த்துமாறும், இழந்த சம்பளத்தைக் கொடுக்குமாறும், அல்லது நட்டஈடு கொடுக்குமாறும் அது ஆணையிடலாம். ஒரு மாத முன்னறிவித்தலோடு கதை முடிந்த காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

வேலை கொடுப்பவர் மேன்முறையீடு செய்ய விரும்பினால், சபை கொடுக்கச் சொன்ன தொகைக்கு ஈடான பணத்தைப் பிணையாகக் கட்டிய பின்னரே மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். பணமுள்ள பக்கம் மேன்முறையீட்டால் ஏழையைக் களைக்கச் செய்வதற்கு இவ்விதி ஓரளவு தடையாக உள்ளது. சபையின் ஆணையை நிறைவேற்றாமல் விடுவதும் குற்றமே. எனினும், வழக்கு நீளாது என்று கூறுவது உண்மையாகாது. ஆண்டுகள் செல்லக்கூடும். அதனை அறிந்தே இறங்குதல் வேண்டும்.

இச்சபைக்கு ஓர் எல்லையும் உண்டு. வேலை கொடுப்பவரால் வேலை முடிவுறுத்தப்பட்டபோதே முதன்மையாக இதன் கதவு திறக்கும். வேலையில் இருந்துகொண்டே தொல்லைக்கு ஆளாகும் பெண் இங்கே நேராக வர இயலாது. அதனால்தான், தொல்லை தாங்காது தானே விலகிவிட்டதாக எழுதிக் கையொப்பமிட்டு வீட்டுக்குப் போவது பெருந்தவறாகிவிடுகின்றது. விலகல் கட்டாயத்தினால் நேர்ந்தது என்று பின்னர் வாதிக்க இடமுண்டு. ஆயினும், அதனை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலையிலே விழும். வெற்றுத்தாளிலோ, படித்துக் காட்டப்படாத கடிதத்திலோ ஒருபோதும் கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் இடலாகாது.

அப்படியாயின், வேலையில் இருப்பவருக்கு எந்த வாயில்? இரண்டு உள்ளன.

முதலாவது, தொழில் திணைக்களம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அதன் அலுவலகங்கள் உள்ளன. அங்கே முறைப்பாடு செய்வதற்குச் செலவு பேருந்துக் கட்டணமே. தொழில் உத்தியோகத்தர் இரு பக்கத்தாரையும் அழைத்து விசாரிப்பார். சம்பளக் கழிவு, பேர் போடாமை முதலிய குறைகளைச் செக்ரோலைப் பார்த்தே தீர்க்கலாம். இணக்கம் ஏற்படாத பிணக்கு நடுத்தீர்ப்புக்கும் அனுப்பப்படலாம். 2021ஆம் ஆண்டில் தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியபின், அவ்வொப்பந்தம் வகுத்திருந்த முறைப்பாட்டு வழி தளர்ந்துவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், சட்டத்திலிருந்து விலக எவராலும் இயலாது. ஆகவே திணைக்களத்தின் வாயில் முன்னிலும் இப்போது முக்கியமாகின்றது.

இரண்டாவது, பொலிஸ் நிலையம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைப் புதுக்கி, பாலியல் தொல்லையைத் தனிக்குற்றமாக்கியது. தொடுதல் மட்டுமன்றிச் சொல்லாலும் செயலாலும் தொல்லை விளைத்தலும் அதில் அடங்கும். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறிடத்திலோ விரும்பத்தகாத முறையில் அணுகுவதையும் அப்பிரிவின் விளக்கம் வெளிப்படையாகவே குறிக்கின்றது. ஐந்தாண்டு வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம்; பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்குமாறும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இவ்வழக்கை நடத்துவது அரசு. முறையிட்ட பெண் சாட்சியே அன்றி வழக்காளி அல்லள். அவள் சட்டத்தரணி வைக்க வேண்டுவதில்லை. பொலிஸ் நிலையங்களிலுள்ள சிறுவர், பெண்கள் பிரிவிலே முறைப்பாட்டைப் பதிந்து, பதிவின் இலக்கத்தையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 1938 என்ற தொலைபேசி எண்ணிலே பெண்களுக்கான அரச உதவிச் சேவையும் இயங்குகின்றது.

இனி, பழிவாங்கலுக்கு நேரே எதிராக நிற்கும் சட்டம் எது? கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலே 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் சேர்த்த 32அ என்னும் பிரிவு அது. நியாயமற்ற தொழில் நடைமுறைகள் சிலவற்றை அது தடுக்கின்றது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்கலாகாது என்பது அதனுள் ஒன்று. ஒரு தொழிலாளி நல்லெண்ணத்தோடு ஒரு நியாய சபையின் முன்னரோ, அதிகாரமுடைய ஒருவர் முன்னரோ கூறிய கூற்றுக்காக அவரை நீக்கவோ, ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படுத்தவோ கூடாது என்பது இன்னொன்று. இதனை மீறுவது குற்றம். வழக்குத் தொடர்வது தொழில் திணைக்களத்தின் கடமை.

இப்பிரிவின் சொற்களை உற்று நோக்கினால், இன்றைய பேச்சின் நடுப்பொருள் விளங்கும். லயத்து வாசலில் அக்கம்பக்கத்தாரிடம் அழுது சொன்ன சொல்லுக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. அதிகாரமுடையவர் முன் வைக்கப்பட்ட சொல்லுக்கே காப்பு உண்டு. அச்சொல் எந்நாளில் வைக்கப்பட்டது என்பதும் முக்கியம். முறைப்பாட்டின் தேதி 5 என்றும் குற்றப்பத்திரத்தின் தேதி 12 என்றும் இருந்தால், இவ்விரண்டு தேதிகளே சபையின் முன் பேசத் தொடங்கிவிடும். குற்றப்பத்திரம் வந்தபின் முறைப்பாடு எழுதப்பட்டால், தப்புவதற்காகக் கட்டிய கதை என்று எதிர்த்தரப்பு கூறும். சட்ட உதவி என்பது சட்டத்தரணியின் அறையில் தொடங்குவதன்று. தொல்லை நேர்ந்த சில நாள்களுக்குள், ஒரு தாளிலே எழுதப்பட்ட முறைப்பாட்டிலேயே அது தொடங்குகின்றது. அத்தாள் இருந்தால் பின்வரும் உதவிகள் மலிவாகும். அது இல்லாவிடின் எத்துணைப் பெரிய சட்டத்தரணியும் தடுமாறுவார்.

அம்முறைப்பாட்டில் அலங்காரம் வேண்டா. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன மலை, இன்னார் இன்ன சொன்னார், இன்னது செய்தார், அருகில் இருந்தவர் இன்னார், நான் இவ்வாறு மறுத்தேன், விசாரிக்குமாறு வேண்டுகின்றேன், இவ்வளவே போதும். தோட்ட முகாமையாளருக்கு ஒரு படி, தொழில் அலுவலகத்துக்கு ஒரு படி, சங்கத்துக்கு ஒரு படி, தன்னிடம் ஒரு படி எனப் பிரித்து, தபாலிலே பதிவு செய்து அனுப்புதல் நன்று. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு மிகச் சிறிய தாள். வழக்கிலே அதன் எடை பெரிது. எழுத இயலாதவருக்குப் பள்ளியிற் படிக்கும் மகளோ மகனோ, தோட்டத்து ஆசிரியரோ எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் நாள்தோறும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே, எந்த மலைக்கு அனுப்பப்பட்டார், எத்தனை கிலோ பறித்தார், எத்தனை கழிக்கப்பட்டது என்று குறித்து வருதல் வேண்டும். மாதச் சம்பளச் சீட்டுகளை எறியாமற் சேர்த்து வைத்தல் வேண்டும். பழிவாங்கல் சிறு துளிகளாகவே விழுவது. துளிகளைச் சேர்த்துக் காட்டும் கலம் அக்கொப்பியே.

வேலை நிறுத்தப்பட்டுவிட்டால், வேறு இரண்டு விதிகளை நினைவிற் கொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, ஊழியரின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நீக்கும் வேலைகொடுப்பவர், நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்திலே அறிவித்தல் வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லையாயின், ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நீக்குதல் செல்லாது. பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடங்களுக்கு இச்சட்டம் பொருந்தும். ஆகவே, நாளைக்கு வரவேண்டாம் என்று வாயால் சொல்லப்பட்டவர், காரணத்தை எழுத்திலே தருமாறு அன்றே கடிதம் மூலம் கேட்க வேண்டும். நியாய சபைக்கு மனுச் செய்யும் கால எல்லை மாதக்கணக்கிலேயே உள்ளது. தீபாவளி கழியட்டும், திருவிழா முடியட்டும் என்று இருந்தவர் பலர், நல்ல வழக்கைக் காலங்கடந்ததால் இழந்துள்ளனர். முதல் வாரத்திலேயே புறப்படுதல் வேண்டும்.

சங்கத்தைப் பற்றி இனிக் கூறுவோம். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் மாதந்தோறும் சந்தா கழிகின்றது. அச்சந்தா பலருக்கு வெறுங் கழிவாகத் தோன்றுகின்றது. உண்மையில் அது முன்கூட்டிக் கட்டப்பட்ட சட்டச் செலவாகும். உறுப்பினருக்காக நியாய சபையில் தோன்றும் உரிமை சங்கத்துக்கு உள்ளமையால், தோட்டத் தலைவரிடமும் மாவட்டப் பிரதிநிதியிடமும் உரிமையோடு சென்று கேட்கலாம். சந்தாச் சீட்டும் சம்பளச் சீட்டுமே அதற்குச் சான்று.

ஆயினும் இங்கே ஒரு முள் உண்டு. தொல்லை செய்த கங்காணியும் சில வேளைகளில் அதே சங்கத்தின் உறுப்பினராக இருப்பார். தோட்டத் தலைவரின் உறவினராகவும் இருப்பார். அப்போது, குடும்ப மானம் கெடும், பேசித் தீர்ப்போம், மன்னிப்புக் கேட்கச் செய்வோம் என்று தலைவர் கூறக்கூடும். அவர் கூறுவதில் நல்லெண்ணமும் இருக்கலாம். எனினும், பேசித் தீர்த்த மறுமாதம் மலை மாற்றமும் அரைப்பேரும் தொடங்கினால், அப்பெண்ணின் கையில் ஒரு தாளும் இராது. ஆகவே, தோட்ட மட்டத்திலே நில்லாது, சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் அதன் மாதர் பிரிவுக்கும் எழுத்திலே அறிவித்தல் வேண்டும். சங்கம் வாராவிடினும் தொழிலாளியின் உரிமை குறையாது. நியாய சபைக்கும், திணைக்களத்துக்கும், பொலிசுக்கும் தானே செல்லலாம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தையே பதிவு செய்யலாம் என்று சட்டம் கூறும் நாட்டிலே, ஒரு சங்கத்தின் மௌனம் இறுதித் தீர்ப்பாகாது.

சட்டத்தரணியின் துணை இன்றியமையாத கட்டங்களும் வரும். எதிர்த்தரப்புக் கம்பனி தேர்ந்த சட்டத்தரணியை அனுப்பும்போது, குறுக்கு விசாரணை தொழிலாளியால் ஆற்றக்கூடியதன்று. மேன்முறையீட்டுக்கும் அவ்வாறே. அதற்கென 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. நாட்டின் பல நீதிமன்ற நகரங்களிலே அதன் நிலையங்கள் உள்ளன. வருமானம் குறைந்தவருக்கு ஆலோசனை சொல்லவும், தகுதி கண்டவர்க்குச் சட்டத்தரணியை அமர்த்தித் தரவும் அது கடமைப்பட்டது. அங்கே செல்பவர் அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், முறைப்பாட்டின் படி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, தோட்டத்திலிருந்து வந்த கடிதங்கள், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துச் சென்றால் ஒரே பயணத்தில் வேலை முடியும். ஒருநாட் சம்பளத்தை இழந்து நகரம் போகும் ஒருவருக்கு, இரண்டாவது பயணமும் ஒரு செலவே.

தனியார் சட்டத்தரணியை நாடுவோர், முழு வழக்குக்கும் எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, வென்றால் நட்டஈட்டில் பங்கு கேட்கப்படுமா என்பவற்றை முதலிலேயே கேட்டு, கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல சட்டத்தரணி அதனை விரும்புவார். நீதிமன்ற வளவிலே நின்று, ஐயாவிடம் நான் அழைத்துச் செல்கின்றேன் என்று கையைப் பிடிக்கும் தரகரை மட்டும் விலக்குதல் நன்று.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களின் மொழி பெரும்பாலும் சிங்களமே. எனினும், வழக்கின் தரப்பினர் தமிழிலே வழக்கைத் தொடக்கவும் மனுக்களைச் சமர்ப்பிக்கவும், மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. அரச அலுவலகங்களிலிருந்து தமிழிலே மறுமொழி பெறும் உரிமையும் உண்டு. பொலிஸ் நிலையத்திலே சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை, தமிழிலே வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பமிடுவேன் என்று பணிவோடும் உறுதியோடும் கூறலாம்.

வீட்டைப் பற்றிய அச்சத்துக்கு இன்றைய நிலையில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். தோட்டக் காணிகள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகின; 1992ஆம் ஆண்டில் அவற்றிற் பெரும்பகுதி பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு விடப்பட்டது. அரச காணிகளின் உடைமையை மீட்பதற்கு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் விரைவான வழியொன்றை வகுத்துள்ளது. அதன் கீழ் நீதவான் முன் எழுப்பக்கூடிய எதிர்வாதங்கள் மிகக் குறைவு. நேவ்ஸ்மியர் தீர்ப்பு குற்றவியல் அத்துமீறலைப் பற்றியது; இச்சட்டத்தைப் பற்றியதன்று. ஆதலின், வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் அதனை மாடத்திலே செருகி வையாது, அன்றே சங்கத்துக்கோ சட்ட உதவி நிலையத்துக்கோ கொண்டுசெல்ல வேண்டும். வேலை பற்றிய வழக்கு நடைபெறுகின்றது என்பதை எடுத்துக்காட்டிக் காலம் பெற முயலலாம்.

உலக அரங்கிலும் இப்பொருள் இன்று கவனம் பெற்றுள்ளது. சர்வதேசத் தொழில் தாபனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 190ஆம் இலக்கச் சமவாயம், வேலைத்தலத்தில் வன்முறையும் தொல்லையும் இல்லாதிருத்தலை ஓர் உரிமையாகவே கூறுகின்றது. முறையிட்டவரையும் சாட்சி சொன்னவரையும் பழிவாங்கலிலிருந்து காத்தல் வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. சாட்சியைக் காத்தல் என்ற சொல் நமது தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும். ஒரே நிரையிலே கொழுந்து பறித்த தோழி, நான் கண்டேன் என்று கூறினாலொழிய வழக்கு நிலைப்பது அரிது. அவளுக்கும் அதே கணக்கப்பிள்ளை, அதே லயம், அதே அச்சம். குற்றங்களின் சாட்சிகளைப் பாதுகாப்பதற்கு இலங்கையிலே 2015ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்து, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. சாட்சியை அச்சுறுத்துவது தனிக்குற்றம் என்பதைத் தோட்டத்திலுள்ள யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, ஒரு பெண் முறையிட்டாள் என்று அறிந்தால், அவள் தனியே பேருந்தேறி ஹட்டனுக்குப் போகும் நிலையை நாம் உண்டாக்கலாகாது. அவளோடு ஒருநாள் வேலையை விட்டுச் செல்லும் ஒரு தோழி, கடிதத்தைத் திருத்தமாக எழுதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியர், கண்டதைக் கண்டவாறு கூறும் ஒரு முதியவர் ஆகிய இம்மூவரும் கட்டணம் பெறாத உதவியாளர்கள். சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. அவ்வாயில் வரை உடன் நடந்து செல்வது அயலவரின் கடன்.